நிலம் யாருக்கு? சட்டம் யாருக்கு?

(அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் உள்ள அதிகார வரம்பு பற்றி ஒரு விளக்கம்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

"ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பது நம் முன்னோர் மொழி. அரசு இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம்? இந்தக் கேள்வி என் மனத்தில் முதன்முதலாக எழுந்தபோது நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் இரவு எங்கள் ஆடுகள் இரண்டு ஏரிக்கரைப் பட்டியிலிருந்து களவு போயின. என் தந்தையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே புகார் மனுவை நான்தான் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு முதலில் கிழக்கே உள்ள காவல் நிலையத்திற்குப் போனோம். "ஏரிக்கரை எங்கள் எல்லை இல்லை, மேற்கே போங்கள்" என்றார்கள். மேற்கே எட்டு மைல் நடந்து போனோம். "ஏரி மட்டும்தான் எங்கள் எல்லை, கரை அவர்களுடையது" என்றார்கள். மூன்று நாள் இப்படி நடந்த பிறகு மனு என் சட்டைப்பையிலேயே கசங்கிப் போயிற்று. திரும்பி வரும் வழியில் தந்தையார் கேட்டார்: "ஏண்டா தம்பி, அப்ப அந்தக் கரைக்குச் சட்டமே கிடையாதா?" ஏழாம் வகுப்பு மாணவனுக்கு விடை தெரியவில்லை.

சென்ற பருவத்தில் வனவிலங்குப் பாதுகாப்பு பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று போற்றப்படும் எல்லோஸ்டோன் பூங்காவைப் பற்றி நூலகத்தில் படித்தபோது, என் தந்தையார் கேட்ட அதே கேள்வியை அமெரிக்கச் சட்ட அறிஞர்களும் கேட்டிருப்பதைக் கண்டு வியந்தேன். விலங்கியல் மாணவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆனால் ஒரு விலங்கு பிழைப்பதும் அழிவதும் அது நிற்கும் மண்ணில் யாருடைய சட்டம் செல்லும் என்பதைப் பொறுத்தது. மனிதர்க்கும் அதுவே பொருந்தும். அதனால்தான் இக்கட்டுரை.

உடைமை வேறு, ஆட்சி வேறு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு நிலத்துக்குச் சொந்தக்காரராக இருப்பது வேறு. அந்த நிலத்தில் சட்டம் செய்யும் உரிமை பெற்றிருப்பது வேறு. நம் வீட்டு மனை நமக்குச் சொந்தம். ஆனால் அங்கே நாம் குற்றவியல் சட்டம் இயற்ற முடியுமா? முடியாது. பட்டா நம்மிடம், சட்டம் அரசிடம்.

இப்போது நிலத்தின் சொந்தக்காரரே ஓர் அரசு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலமோ மற்றோர் அரசின் எல்லைக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் நிலைமை இதுதான். அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு மேல் மத்திய அரசுக்குச் சொந்தம். நெவாடா மாநிலத்தில் மட்டும் சுமார் 80 விழுக்காடு நிலம் மத்திய அரசினுடையது. தேசியப் பூங்காக்கள் என்ற பெயர் தாங்கியவை 2020-ஆம் ஆண்டில் 63 ஆயின. இவை யாவும் மத்திய அரசின் பொறுப்பில் உள்ளவை. ஆனால் பெரும்பாலும் ஏதாவதொரு மாநிலத்தின் எல்லைக்குள் அமைந்தவை. அங்கே ஒருவன் திருடினால் எந்த அரசின் காவலர் பிடிப்பார்? எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? இதைத்தான் சட்ட நூலார் 'அதிகார வரம்பு' என்கின்றனர்.

அரசியல் சட்டத்தின் இரண்டு வாயில்கள்

அமெரிக்க அரசியல் சட்டம் 1787-இல் பிலடெல்பியா நகரில் வரையப்பட்டது. அதில் இந்தப் பொருள் பற்றிய இரண்டு விதிகள் உள்ளன. முதல் விதியின் பின்னணியில் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஊதிய பாக்கி கேட்டுப் படைவீரர்கள் பிலடெல்பியாவில் அமெரிக்கக் காங்கிரஸ் கூடியிருந்த மாளிகையைச் சூழ்ந்துகொண்டனர். காங்கிரஸ் என்பது இங்கே கட்சியன்று, அந்நாட்டின் நாடாளுமன்றம். உறுப்பினர்கள் பென்சில்வேனியா மாநில அரசிடம் பாதுகாப்புக் கேட்டனர். மாநில அரசு தன் படையை அனுப்ப மறுத்துவிட்டது. நாட்டை ஆளும் மன்றம் ஊரைவிட்டு வெளியேறி, நியூஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டனுக்குப் போக வேண்டியதாயிற்று.

பட்ட அவமானம் பாடமாயிற்று. மத்திய அரசு தனக்கென ஓர் இடத்தில், எந்த மாநிலத்தின் தயவும் இல்லாமல், முழு அதிகாரத்துடன் இருக்கவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் முதல் பிரிவில் எழுதிவைத்தனர். பத்து மைலுக்குப் பத்து மைல் மிகாத தலைநகர்ப் பகுதிக்கு அந்த அதிகாரம் வந்தது. கோட்டை, ஆயுதக் கிடங்கு, கப்பல் துறை முதலான கட்டடங்களுக்காக மாநிலச் சட்டமன்றத்தின் இசைவோடு வாங்கப்படும் இடங்களுக்கும் அது பொருந்தும் என்றனர். இது முதல் வாயில்.

இரண்டாம் வாயில் நான்காம் பிரிவில் உள்ளது. மத்திய அரசுக்குச் சொந்தமான நிலத்துக்கும் பிற உடைமைகளுக்கும் வேண்டிய விதிகளைக் காங்கிரஸ் செய்யலாம் என்பது அது. முதல் வாயில் வழியே வந்தால் மாநிலச் சட்டம் வெளியே நிற்கும். இரண்டாம் வாயில் வழியே வந்தால் மாநிலச் சட்டமும் உடன் வரும். ஆனால் இரண்டும் மோதினால் மத்திய சட்டமே வெல்லும்.

மூன்று வகை அதிகாரம்

இந்த இரண்டு வாயில்களையும் மாநிலங்கள் கொடுத்த இசைவுகளையும் சேர்த்துப் பார்த்தால், பூங்கா நிலங்களில் பெரும்பாலும் மூன்று வகை ஏற்பாடுகளைக் காணலாம்.

ஒன்று, தனி அதிகாரம். இங்கே சட்டம் செய்வதும் குற்றம் விசாரிப்பதும் மத்திய அரசு மட்டுமே. மாநிலக் காவலர் அங்கே வெறும் விருந்தினர். எல்லோஸ்டோன் இவ்வகை.

இரண்டு, பொது அதிகாரம். மத்திய அரசும் மாநில அரசும் ஒரே நிலத்தில் சட்டம் செலுத்தலாம். ஒரே குற்றத்தை இருவரும் விசாரிக்கலாம். நம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலைப் படித்தவர்களுக்கு இதன் சாயல் எளிதில் விளங்கும்.

மூன்று, உடைமையாளர் அதிகாரம். மத்திய அரசு நிலத்தின் சொந்தக்காரர். பூங்காவைக் காக்கும் விதிகளை அதனால் செய்ய முடியும். ஆனால் கொலை, கொள்ளை போன்ற பொதுக் குற்றங்களுக்கு மாநிலச் சட்டமே செல்லும். மாநிலக் காவலரும் மாநில நீதிமன்றமுமே பொறுப்பு.

இவற்றுக்கு இடையே, சிலவற்றை மட்டும் மாநிலம் தனக்கென வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுக்கொடுக்கும் பகுதி ஏற்பாடுகளும் உண்டு. இப்படி நிபந்தனையோடு கொடுப்பது செல்லுமா? 1885-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. கான்சாஸ் மாநிலம் லெவன்வொர்த் கோட்டை நிலத்தின் மீதிருந்த அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தபோது, அங்கே ஓடும் ரயில்வேக் கம்பெனிக்கு வரி விதிக்கும் உரிமையைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. கம்பெனி எதிர்ப்புத் தெரிவித்து வரியைக் கட்டிவிட்டு, அதைத் திரும்பக் கேட்டு வழக்காடித் தோற்றது.

கொடுப்பவர் கொடுத்தால் மட்டும் போதாது. பெறுபவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1940-இல் வந்த சட்டப்படி, மத்திய அரசு முறைப்படி ஏற்றுக்கொள்ளாத வரை அதற்கு அந்த அதிகாரம் கிடையாது. இதன் கடுமை 1943-இல் தெரிந்தது. லூயிசியானா மாநிலத்தில் மத்திய அரசு வாங்கியிருந்த இராணுவ முகாம் ஒன்றில் நடந்ததாகக் கூறப்பட்ட குற்றத்துக்காக மூன்று படைவீரர்களுக்கு மத்திய நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதிகாரத்தை ஏற்கும் அறிவிப்பை மத்திய அரசு அனுப்பவே இல்லை. ஆகவே அந்த நீதிமன்றத்துக்கு விசாரிக்கவே உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு கடிதம் போகாததால் மூன்று உயிர்களின் வழக்கே தலைகீழாயிற்று. அதிகார வரம்பு என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

காட்டெருமை கற்பித்த பாடம்

இனி எல்லோஸ்டோனுக்கு வருவோம். 1872-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட, இந்தப் பூங்கா பிறந்தது. பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். வெந்நீர் ஊற்றுகளும் பைசன் என்னும் காட்டெருமைகளும் நிறைந்த பூமி. அப்போது வயோமிங், மான்டானா, ஐடஹோ ஆகிய மூன்றும் மாநிலங்களாகவில்லை. மத்திய அரசின் நேரடி ஆட்சியில் இருந்த பிரதேசங்களே. ஆகவே பூங்காவை ஒப்படைப்பதற்கு மாநிலம் என்று எதுவுமே அங்கில்லை; மத்திய அரசே அதை வைத்துக்கொண்டது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு குறை. விலங்குகளை அழிக்கக் கூடாது என்று சொன்னதே தவிர, அழித்தால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. வேட்டைக்காரனைப் பிடித்தால் பூங்காவைவிட்டு வெளியேற்றலாம். அவ்வளவுதான். அவன் மறுநாள் வேறு வழியாக வரலாம்.

குறையை நிரப்ப 1884-இல் வயோமிங் பிரதேசச் சட்டமன்றம் தன் சட்டத்தைப் பூங்காவுக்குள் நீட்டியது. தன் காவலரையும் நீதிபதிகளையும் அனுப்பியது. விதித்த அபராதத்தில் ஒரு பங்கு பிடித்துக்கொடுத்தவர்க்கே சேரும் என்ற ஏற்பாட்டால், பயணிகள் அற்பக் காரணங்களுக்கெல்லாம் பிடிபட்டனர். 1885-இல் இல்லினாய்ஸ் மாநிலத்திலிருந்து காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினரே, மூட்டிய நெருப்பைச் சரியாக அணைக்கவில்லை என்று கைது செய்யப்பட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை. 1886-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இராணுவம் பூங்காவுக்குள் வந்தது. 1918 வரை இருந்தது. துப்பாக்கி இருந்தது; ஆனால் தண்டிக்கும் சட்டம் இன்னும் வரவில்லை.

1894-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள். பனி மூடிய பெலிக்கன் பள்ளத்தாக்கில் எட்கர் ஹவல் என்பவன் காட்டெருமைகளைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். அமெரிக்கச் சமவெளிகளில் இலட்சோப இலட்சமாகத் திரிந்த அந்த இனம் ஏறக்குறைய அற்றுப்போயிருந்த நேரம் அது. அவனுக்கு விதிக்க முடிந்த அதிகபட்சத் தண்டனை என்ன? வெளியேற்றம்! இச்செய்தியை ஒரு பத்திரிகை நாடெங்கும் பரப்பியது. மக்கள் கொதித்தனர். இரண்டே மாதத்தில், மே 7-ஆம் நாள், அயோவா மாநிலத்து ஜான் லேசி கொண்டுவந்த மசோதா சட்டமாயிற்று. விலங்கைக் கொன்றால் ஆயிரம் டாலர் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. பூங்காவுக்கென்றே நீதி விசாரிக்கும் ஓர் ஆணையர். மத்திய சட்டத்தில் இல்லாத குற்றங்களுக்கு வயோமிங் மாநிலச் சட்டத்தில் உள்ள தண்டனையையே கடன் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. முழுப் பூங்காவும் வயோமிங் நீதி மாவட்டத்தைச் சேர்ந்தது என்ற அறிவிப்பு.

1902-இல் எல்லோஸ்டோனில் எஞ்சியிருந்த காட்டெருமைகள் இரண்டு டஜன் அளவே. பிறகு கூட்டம் மீண்டும் ஆயிரக்கணக்கில் பெருகியது. நாம் உயிரியலில் இனப்பெருக்கம், வாழிடம் என்று படிக்கிறோம். அவற்றோடு 'தண்டிக்க அதிகாரம் உள்ள நீதிபதி' என்பதையும் ஒரு சூழல் காரணியாகச் சேர்த்துக்கொள்ளலாம் போலும்!

மது, கழுதை, ஆறு

தனி அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடைத்துவிட்டால் மாநிலம் கைகட்டி நிற்க வேண்டியதுதானா? கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்கா இதற்கு விடை தருகிறது. 1864-இல் ஜனாதிபதி லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்தார். பிறகு மாநிலம் அதை மத்திய அரசிடமே திருப்பித் தந்தது. 1919-இல் அதிகாரத்தை விட்டுக்கொடுத்தபோது வரி விதிக்கும் உரிமையை மாநிலம் பிடித்துக்கொண்டது. பூங்காவுக்குள் விடுதி நடத்திய கம்பெனி மது விற்றது. "எங்கள் மதுச் சட்டப்படி உரிமம் பெறு, வரியும் கட்டு" என்றது மாநிலம். 1938-இல் உச்ச நீதிமன்றம் நடுவே கோடு கிழித்தது: வரி கட்ட வேண்டும், ஆனால் மது வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் மாநில விதிகள் அங்கே செல்லா. மாநிலம் எதை எழுதி வைத்துக்கொண்டதோ அது மட்டுமே மிஞ்சியது.

தனி அதிகாரம் இல்லாத இடத்தில் மத்திய அரசின் கை எவ்வளவு தூரம் நீளும்? இதற்கு விடை தந்தவை கழுதைகள். 1971-இல் காங்கிரஸ், பொதுநிலத்தில் திரியும் காட்டுக் குதிரைகளையும் காட்டுக் கழுதைகளையும் காக்கச் சட்டம் செய்தது. 1974-இல் நியூமெக்சிகோ மாநிலத்தின் கால்நடை வாரியம், ஒரு பண்ணைக்காரரின் வேண்டுகோளின்பேரில், மத்திய அரசு நிலத்தில் மேய்ந்த 19 கழுதைகளைப் பிடித்து ஏலம் விட்டுவிட்டது. "விலங்குகள் மத்திய அரசின் சொத்து அல்லவே, நிலம் மட்டும்தானே அவர்களுடையது?" என்று மாநிலம் வாதாடியது. 1976-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளியது. தன் நிலத்தில் வாழும் காட்டு விலங்குகளைக் காக்கவும் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. அந்த நிலம் பூங்கா நிலமன்று. எனினும் இரண்டாம் வாயில் எவ்வளவு அகலமானது என்பதைக் காட்டிய தீர்ப்பு இது.

ஆனால் அந்த அகலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அலாஸ்கா மாநிலத்தில் யூக்கான்-சார்லி ஆறுகள் தேசியக் காப்பகம் இருக்கிறது. 2007-இல் ஜான் ஸ்டர்ஜன் என்ற வேட்டைக்காரர் அங்குள்ள நேஷன் ஆற்றில் காற்று மெத்தையின்மேல் மிதந்து செல்லும் ஹோவர்கிராப்ட் படகில் போனார். அவ்வகைப் படகுக்குத் தடை என்று பூங்காக் காவலர் தடுத்தனர். "ஆற்றுப் படுகை மாநிலத்தினுடையது, உங்கள் விதி இங்கே எப்படிச் செல்லும்?" என்று அவர் வழக்காடினார். வழக்கு இரண்டு முறை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2019-இல் ஒருமனதான தீர்ப்பு: அலாஸ்காவுக்கென 1980-இல் செய்யப்பட்ட சட்டத்தின்படி அந்த ஆறு மத்திய அரசின் பொதுநிலம் ஆகாது, ஆகவே பூங்கா விதி அங்கே செல்லாது. கரையில் ஒரு சட்டம், தண்ணீரில் ஒரு சட்டம்! இதைப் படித்தபோது எங்கள் ஊர் ஏரிதான் என் கண்முன் நின்றது.

உள்ளே வாழும் பிள்ளைகள்

இதுவரை வேட்டை, வரி, ஆறு என்று பார்த்தோம். என் மனத்தை மிகவும் தொட்டது வேறொன்று. பூங்காவுக்குள் ஊழியர் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவது யார் பொறுப்பு?

அமெரிக்காவில் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. ஆனால் தனி அதிகாரப் பகுதியில் வாழ்பவர் மாநிலத்தின் குடிமக்கள்தாமா என்ற ஐயமே அங்கே நெடுங்காலம் இருந்தது. மாநிலச் சட்டம் செல்லாத இடத்துப் பிள்ளைக்கு மாநிலப் பள்ளி எப்படிக் கடமையாகும்? கடைசியில் 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் காங்கிரஸ் தனியே ஒரு சட்டம் செய்ய நேர்ந்தது. எல்லோஸ்டோனுக்கு வரும் பார்வையாளர்களிடமிருந்து கிடைக்கும் வருவாயிலிருந்து ஊழியர் பிள்ளைகளின் கல்விக்குப் பணம் ஒதுக்கலாம் என்பதே அது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடம் இருந்ததால் மிதித்தேன். இரண்டு அரசுகளுக்கு நடுவே ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடம் காணாமல் போகக்கூடும் என்று நான் அதற்கு முன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வாக்குரிமைக்கும் இதே கதி. மேரிலாந்து மாநிலத்தில் மத்திய அரசின் மருத்துவ ஆய்வு வளாகத்துக்குள் குடியிருந்தவர்களை "நீங்கள் எங்கள் மாநிலத்தவர் அல்லர்" என்று சொல்லி வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுத்தனர். 1970-இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. அவர்கள் மாநிலத்துக்கு வரி கட்டுகிறார்கள். மாநிலச் சட்டங்கள் பல அவர்களைத் தொடுகின்றன. ஆகவே வாக்கும் உண்டு என்று தீர்த்தது. வளாகம் பூங்காவன்று, ஆனால் நியாயம் ஒன்றே.

யாருக்கும் இல்லாத ஐம்பது சதுர மைல்

இனிக் கட்டுரையின் உச்சத்துக்கு வருவோம். லேசியின் சட்டம் காட்டெருமையைக் காத்தது. ஆனால் அதே சட்டம் தெரியாமலே ஒரு விதையையும் ஊன்றிவிட்டுப் போயிற்று.

எல்லோஸ்டோனின் பரப்பில் ஏறத்தாழ 96 விழுக்காடு வயோமிங்கிலும், 3 விழுக்காடு மான்டானாவிலும், 1 விழுக்காடு ஐடஹோவிலும் உள்ளது. அந்த ஐடஹோத் துண்டு ஏறத்தாழ 50 சதுர மைல். அங்கே ஒரு குடியும் இல்லை. ஆனால் முழுப் பூங்காவும் வயோமிங் நீதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதாவது ஒரு மாநிலத்தின் மண், வேறொரு மாநிலத்தின் பெயர் தாங்கிய நீதி மாவட்டத்தில்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாம் திருத்தம், குற்றம் சாட்டப்பட்டவர்க்கு ஜூரி விசாரணை கேட்கும் உரிமையைத் தருகிறது. நம் நாட்டுக் குற்ற வழக்குகளில் இப்போது இல்லாத முறை இது. பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூரர்கள் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்வார்கள். அந்த ஜூரர்கள், குற்றம் நடந்த மாநிலத்தையும் நீதி மாவட்டத்தையும் சேர்ந்தவர்களாக இருக்கவேண்டும் என்கிறது திருத்தம். இரண்டையும் என்பதைக் கவனிக்கவும்.

ஐடஹோத் துண்டில் ஒருவன் கொடிய குற்றம் செய்தான் என்று கொள்வோம். மாநிலம் ஐடஹோ, மாவட்டம் வயோமிங். ஆகவே ஜூரர்கள் ஐடஹோவிலும் வாழவேண்டும். வயோமிங் நீதி மாவட்டத்துக்குள்ளும் வாழவேண்டும். கணக்கியல் நண்பர்கள் இரண்டு கணங்களின் வெட்டைப் பற்றிப் படித்திருப்பார்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் அந்த ஐம்பது சதுர மைல் மட்டுமே. அங்கே வாழ்பவர் எண்ணிக்கை சுழியம். வெற்றுக் கணம்! பன்னிரண்டு ஜூரர்களை எங்கே போய்த் தேடுவது? ஜூரி இல்லையேல் விசாரணை இல்லை. விசாரணை இல்லையேல் தண்டனை இல்லை. ஐடஹோ மாநிலமும் தன் நீதிமன்றத்தில் விசாரிக்க முடியாது. அது தனி அதிகாரப் பகுதி ஆயிற்றே.

இந்த ஓட்டையை 2005-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பிரையன் கால்ட் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அவர் குற்றவாளிகளுக்கு வழிகாட்ட எழுதவில்லை. எவனாவது கண்டுபிடிக்கும் முன் அடைத்துவிடுங்கள் என்று எச்சரிக்கவே எழுதினார். அடைப்பதும் எளிது. ஐடஹோத் துண்டு ஐடஹோ நீதி மாவட்டத்தைச் சேரும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அதே 2005-ஆம் ஆண்டு டிசம்பரில், பூங்காவின் மான்டானாத் துண்டில் ஒருவர் எல்க் என்னும் பெரிய மானைச் சட்டவிரோதமாகச் சுட்டார். வயோமிங்கில் வழக்கு வந்தபோது இதே ஆறாம் திருத்த வாதத்தை எடுத்து வைத்தார். நீதிபதி ஏற்கவில்லை. பிறகு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, இந்தக் கேள்வியை மேல் நீதிமன்றத்துக்குக் கொண்டு போவதில்லை என்ற உடன்பாட்டோடு வழக்கு முடிந்தது. கேள்வி தீரவில்லை, மூடி வைக்கப்பட்டது. 2022-இலும் ஐடஹோ மாநிலச் சட்டமன்றத்தில் இதை அடைக்கக் காங்கிரசை வேண்டும் தீர்மானம் கொண்டுவரப்பட்டது.

அங்கே எதையும் செய்துவிட்டுத் தப்பிவிடலாம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேற்படாத தண்டனையுள்ள சிறு குற்றங்களுக்கு ஜூரி தேவையில்லை, அவற்றை விசாரிக்கலாம். வேறிடத்தில் திட்டமிட்டிருந்தால் அந்தச் சதிக்காக அந்த இடத்தில் வழக்குத் தொடரலாம். பாதிக்கப்பட்டவர் நட்ட ஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடலாம். ஆயினும் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு நட்ட ஈடு மட்டும் நீதியாகுமா?

முடிவாக

மத்திய அரசு பெரியதா, மாநில அரசு பெரியதா என்று பட்டிமன்றம் நடத்த இக்கட்டுரை எழுதவில்லை. இருவர் கையிலும் அதிகாரம் இருந்து நன்மை விளைந்ததும் உண்டு. தீமை விளைந்ததும் உண்டு. 1884-இல் வயோமிங் பிரதேசத்தின் காவலர் பயணிகளை வருத்தினர். 1894-இல் மத்திய சட்டம் காட்டெருமையைக் காத்தது. 1948 வரை அதே மத்திய அதிகாரத்தின் நிழலில் பிள்ளைகளின் கல்விக்கு உறுதியான பொறுப்பாளர் இல்லை. 1956, 1957 ஆண்டுகளில் மத்திய அரசு அமைத்த குழுவே இதை ஆராய்ந்து, தேவைக்கு மேற்பட்ட தனி அதிகாரத்தை மத்திய அரசு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று பரிந்துரைத்தது. 1976-இல் வந்த சட்டம், பூங்காக்களில் தனி அதிகாரத்தின் ஒரு பகுதியை மாநிலங்களுக்குத் திருப்பித் தந்து பொது அதிகாரமாக்கவும் வழி செய்தது.

அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைவிட, யாரிடமும் இல்லாத இடம் எங்கே இருக்கிறது என்று தேடுவதே முக்கியம் என்பது நான் கண்ட முடிவு. வலியவனுக்கு இரண்டு அரசிலும் ஆள் இருக்கும். எளியவன் போய் நிற்கும் இடம்தான் எல்லைக் கோடு. அங்கே இருவரும் "எங்களுடையதில்லை" என்று சொன்னால், அவன் மனு சட்டைப்பையிலேயே கசங்கும்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, தந்தையாரிடம் இந்த ஐம்பது சதுர மைல் கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். பிறகு, "அவ்வளவு பெரிய நாட்டிலயும் ஒரு ஏரிக்கரை இருக்குதுன்னு சொல்லு" என்றார். சற்றுப் பொறுத்து, "அங்கே ஒரு வாத்தியார் எழுதியாவது வச்சிருக்கார். நீயும் நம்ம கரையைப் பத்தி எழுது தம்பி" என்றார்.

எழுதத் தொடங்கிவிட்டேன். நம் ஊரின் எல்லை வரைபடத்தைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை மனு கசங்காது என்று நம்புகிறேன்.